தானாகச் சுற்ற வேண்டிய ஃபேன்

என் தோழி கார் வாங்கியதற்குக் காரணம் தில்லி பஸ். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த ஊரில் பஸ் ஏறி வேலைக்குப் போன எந்தப் பெண்ணும் இதற்கு மேல் விளக்கம் கேட்கமாட்டாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, விரலிடுக்கில் ஒரு ஊக்கை வைத்துக்கொண்டு நிற்போம். ஒரு நாள் மாலை அவள் பின்னால் நின்றவனின் காலரைப் பிடித்து முன்னால் இழுத்து, ஓடுகிற பஸ்ஸிலேயே அறைந்துவிட்டாள். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தினார். அவனை இறக்கிவிடப் போகிறார் என்று நினைத்தேன். எங்களை இறங்கச் சொன்னார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். பாதி வழியில் அவள் சட்டென்று நின்றாள். பிறகு, "ஏட்டி, நான் கார் வாங்கப் போறேன்" என்றாள்.

"காரா? விளையாடறியா?"

"விளையாட்டு இல்ல. நீயும் அதுலதான் வரப்போற. பாத்துக்க."

நாங்கள் ஜங்புராவில் ஒரு பர்சாத்தியில் குடியிருந்தோம். மொட்டைமாடியில் ஒற்றை அறை, ஓரத்தில் சமையலுக்கு ஒரு தடுப்பு, எதிர் மூலையில் குளியலறை. தில்லியில் கல்யாணமாகாத இரண்டு மதராசிப் பெண்களுக்கு அதற்கு மேல் யாரும் வாடகைக்குத் தரமாட்டார்கள். நான் தஞ்சாவூர்ப் பக்கம். ஒரு அமைச்சகத்தில் ஸ்டெனோ. அவள் திருநெல்வேலிப் பக்கம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஜூனியர் இன்ஜினியர். போன்களை இணைக்கிற ஆயிரக்கணக்கான ரிலேக்கள் டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும் ஸ்விட்ச் ரூமில் அவளுக்கு வேலை. ஒரு போன் வேலை செய்யவில்லை என்றால் அதற்குக் காரணம் அந்தக் காடு மாதிரியான கம்பிகளில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் தினமும் செய்தது. அந்த அறையில் அவள் ஒருத்திதான் பெண்.

அவளோடு வேலை பார்த்த ஒருவர் மூலமாகத் தகவல் வந்தது. சாணக்யபுரியில் ஒரு வெளிநாட்டு அதிகாரி ஊர் திரும்புகிறார், அவருடைய சின்னக் காரை யாரும் கேட்கவில்லை என்று. போய்ப் பார்த்தோம். ஒரு நாவல் மரத்தடியில், கூரை முழுக்க போன வருடத்துப் பழக்கறையோடு நின்றது. கடுகு நிறம். நம் ஊர் அம்பாசடர் பக்கத்தில் நிறுத்தினால் அதன் பிள்ளை மாதிரி இருக்கும். வெயில் காலத்தில் கொதித்து நின்றுவிடுகிறது, அதனால்தான் யாரும் வாங்கவில்லை என்று அந்த அதிகாரியே வெளிப்படையாகச் சொன்னார். என் தோழி பானெட்டைத் திறந்து வெகு நேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொதிக்கும்னு சொல்றாரேடி" என்றேன் நான் தமிழில்.

"கேட்டேன். எதனால கொதிக்குன்னு அவருக்குத் தெரியல்ல. தெரியாததுதான் பிரச்சினை. கொதிக்கது இல்ல."

வாங்கிவிட்டாள். அது பிப்ரவரி மாதம்.

அடுத்த இரண்டு மாதங்களும் நாங்கள் ராணிகள் மாதிரி வேலைக்குப் போனோம். காலையில் என்னை அமைச்சகத்தின் வாசலில் இறக்கிவிட்டு அவள் எக்ஸ்சேஞ்சுக்குப் போவாள். மாலையில் வந்து கூட்டிக்கொள்வாள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பாதி இறக்கி, இந்தியா கேட் புல்வெளியைச் சுற்றி வருகிறபோது என் செக்‌ஷன் அதிகாரியின் ஸ்கூட்டரை முந்துவோம். மறுநாள் அவர் என்னைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

ஏப்ரல் பாதியில் வெயில் ஏறியது. ஒரு மத்தியானம் ரிங் ரோடில், ஆசிரமம் நாற்சந்திக்குக் கொஞ்சம் முன்னால், டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் கிடுகிடுவென்று சிவப்புக்குப் போனது. வண்டியை ஓரங்கட்டுவதற்குள் பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. இறங்கி நின்றோம். தில்லியில் ஒரு காரின் பானெட்டைத் திறந்தால் போதும். யோசனை சொல்வதற்கு ஆட்கள் எங்கிருந்துதான் வருவார்களோ. ஒரு லாரி டிரைவர், ஒரு பழவண்டிக்காரர், சைக்கிளை நிறுத்திவிட்டு வந்த ஒரு தபால்காரர். எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். லாரி டிரைவர்தான் முதலில் சொன்னார்.

"பெஹன்ஜி, ஃபேன் நின்னுபோச்சு. பெல்ட் அறுந்திருக்கு."

பெல்ட்டைத் தேடினார்கள். ஃபேனுக்குப் பெல்ட்டே இல்லை. அது அவர்களுக்குப் பெரிய ஆச்சரியம். அன்று தில்லியில் ஓடிய கார்களில் எல்லாம் இன்ஜின் சுற்றினால் அதோடு பெல்ட்டால் கட்டப்பட்ட ஃபேனும் சுற்றும். இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். இந்தக் காரில் ஃபேனுக்குத் தனியாக ஒரு கரண்டு மோட்டார். தண்ணீர் சூடேறும்போது அது தானாகச் சுற்ற ஆரம்பிக்க வேண்டும், ஆறினால் தானாக நிற்க வேண்டும். அதுதான் சுற்றவில்லை. இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போது அந்த ஃபேன் ஒன்றும் தெரியாதது மாதிரி அசையாமல் இருந்தது.

ஜங்புராவை ஒட்டிய போகல் பகுதியில் ஒரு சர்தார்ஜியின் ஒர்க்‌ஷாப் இருந்தது. நல்ல மனிதர், வயது ஐம்பது இருக்கும். பொய் சொல்லமாட்டார், தெரியாததைத் தெரிந்த மாதிரிக் காட்டமாட்டார். பாட்டரியிலிருந்து நேராக இரண்டு கம்பியை ஃபேன் மோட்டாரில் வைத்தார். ஃபேன் விர்ரென்று சுற்றியது.

"மோட்டார் பக்கா" என்றார். "நடுவுல இருக்கிற ஏதோ ஒண்ணுதான் சரியில்ல. அது வெளிநாட்டுச் சாமான், இங்கே கிடைக்காது. டைரக்ட் பண்ணிடறேன்."

டைரக்ட் என்றால் நடுவில் இருக்கிற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சாதாரண வீட்டு ஸ்விட்சை வைத்து, அதிலிருந்து நேராக ஃபேனுக்குக் கம்பி இழுப்பது. ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும். அவ்வளவுதான். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்த ஸ்விட்சைப் போடுகிற வேலை என்னுடையது. வண்டி கிளம்பியதும் டக்கென்று போடுவேன். குளிர்காலம் முழுக்க சும்மா கிடந்த ஃபேன் இப்போது நாள் முழுக்கச் சுற்றியது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அதே ரிங் ரோடில் மறுபடியும் கொதித்தது. ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும்போது கொதித்தது.

நான் கிட்டத்தட்ட அழுதுவிட்டேன். வெயிலில் தார் உருகி செருப்பில் ஒட்டியது. இவளோ பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, ஃபேன் சத்தத்தைக் கேட்டபடி, முகத்தில் ஆவி அடிக்க நின்றாள். எரிச்சலோ ஏமாற்றமோ அந்த முகத்தில் இல்லை. நல்ல செய்தி கேட்டவள் மாதிரி இருந்தாள்.

"ஏட்டி, ஃபேன் சுத்தியும் கொதிக்கு" என்றாள்.

"தெரியறதே. அதுக்கு என்ன சிரிப்பு?"

"இல்லட்டி. இத்தன நாளா ஃபேன் சுத்தாததுனால கொதிக்குன்னு நினச்சோம்லா? அது இல்ல. கொதிக்கதுக்கு வேற ஏதோ காரணம். ஃபேன் சுத்தாததுக்கும் அதே காரணமா இருக்கலாம்."

அவள் சொன்னது அந்த நேரத்தில் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் ஊற்றி, ஆற வைத்து, மெல்ல ஓட்டிக்கொண்டு மறுபடியும் போகலுக்குப் போனோம். சர்தார்ஜி தலையைச் சொறிந்தார். ஃபேன் ஓடியும் கொதித்தால் இன்ஜினைத்தான் திறந்து பார்க்க வேண்டும் என்றார். உள்ளே கேஸ்கெட் போயிருக்கும்; அதற்கும் வெளிநாட்டுச் சாமான் வேண்டும்; கிடைக்க எத்தனை மாதமோ. வருத்தத்தோடுதான் சொன்னார்.

"எனக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும் டயம் குடுங்க பாயி சாப்" என்றாள் அவள்.

"நீயா பார்க்கப் போறே?"

"பார்க்கறேன். முடியலைன்னா நீங்க திறந்துடுங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு ஸ்பானர் செட்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்.

வீட்டுக்காரம்மா கீழ்த்தளத்தில் இருந்தார். பஞ்சாபி, பிரிவினையில் லாகூரிலிருந்து வந்தவர். எங்கள் மேல் அவருக்குப் பிரியம்தான், ஆனால் வாசலில் ஆவி விடுகிற கார் நிற்பது அவருக்குக் கௌரவக் குறைவாக இருந்தது. "பேட்டி, பேச் தோ இஸ்கோ" என்று தினமும் சொல்வார். மகளே, இதை வித்துத் தொலை. என் தோழி "ஹான்ஜி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு மாடியேறிவிடுவாள்.

ஞாயிறு காலை அவள் பழைய சல்வார் கமீஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாசல் வேப்பமரத்து நிழலில் காரை நகர்த்தி வைத்தாள். எக்ஸ்சேஞ்சில் பயன்படுத்துகிற மாதிரியே ஒரு டெஸ்ட் லாம்ப் செய்துவைத்திருந்தாள்: ஒரு சின்ன பல்பு, இரண்டு நீளக் கம்பி, நுனியில் கவ்விகள். முதல் வேலையாக சர்தார்ஜி போட்ட டைரக்ட் கம்பியைப் பிரித்து எடுத்தாள்.

"ஐயோ, அது ஒண்ணுதானே வேலை செஞ்சுது!"

"அது வேல செஞ்சா எது வேல செய்யலன்னு எப்படித் தெரியும்?"

எல்லாவற்றையும் முன்பிருந்த மாதிரியே மாட்டிவிட்டு, அவள் ஒவ்வோர் இடமாகப் போனாள். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கேட்கிறபோது சாவியைத் திருப்புவேன். ஃப்யூஸில் பல்பை வைத்தாள், எரிந்தது. ஃபேனுக்குக் கரண்டை விடுகிற ரிலேயைக் காதருகில் வைத்து ஆட்டினாள், பிறகு மாட்டித் தட்டினாள். எக்ஸ்சேஞ்சில் தினமும் ஆயிரம் ரிலேயின் சத்தம் கேட்கிறவள். "நல்லா அடிக்கு" என்றாள். பிறகு ரேடியேட்டரின் அடிப்பக்கத்தில் திருகியிருந்த ஒரு பித்தளைச் சாமானைக் காட்டினாள். கட்டைவிரல் அளவு இருக்கும், வாலில் இரண்டு கம்பி.

"இதுதான் ஸ்விட்ச். தண்ணி சூடானா இது ரெண்டு கம்பியையும் சேத்துவைக்கும். சேந்தா ஃபேன் சுத்தணும்."

அந்த இரண்டு கம்பியையும் ஸ்விட்சிலிருந்து உருவி, ஒன்றோடொன்று தொட வைத்தாள். ஃபேன் சட்டென்று சுற்றியது. நான் கை தட்டினேன்.

"அப்போ இந்த ஸ்விட்ச்தான் கெட்டுப்போச்சு! கண்டுபிடிச்சாச்சு!"

"அப்பிடித்தான் தோணுது" என்றாள். ஆனால் குரலில் உற்சாகம் இல்லை. தண்ணீரை வாளியில் வடித்துவிட்டு, அந்தப் பித்தளைச் சாமானைக் கழற்றி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

ரசம் வைக்கிற பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தாள். ஸ்விட்சை நூலில் கட்டித் தண்ணீரில் இறக்கி, வாலில் இரண்டு டார்ச் பாட்டரியையும் பல்பையும் மாட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பர்சாத்தியின் தகரக் கூரைக்குக் கீழே ஏப்ரல் கடைசி வெயிலில் அடுப்புப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வேர்வை அவள் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. தண்ணீரின் அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்தன. பெரிதாயின. கொதி வருகிற தறுவாயில் பல்பு பளிச்சென்று எரிந்தது.

"எரியுதே" என்றேன்.

"எரியத்தான் செய்யுது" என்றாள்.

ஸ்விட்சும் நல்ல ஸ்விட்ச். வெளியே எடுத்து ஆறவிட்டால் பல்பு அணைந்தது. மறுபடி விட்டால் எரிந்தது. மோட்டார் நன்றாக இருக்கிறது, ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது, ரிலே நன்றாக இருக்கிறது, ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது. ஆனால் காரில் வைத்தால் ஃபேன் சுற்றாது. எனக்கு அதைவிட மோசமான செய்தி இருக்க முடியாது என்று தோன்றியது. ஏதாவது ஒன்று கெட்டிருந்தால் அதன் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம்.

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். குடித்து முடித்துவிட்டு அப்படியே யோசித்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கு ஒரு கம்ப்ளெயிண்ட் வரும் பாத்துக்க. போன் மணி அடிக்க மாட்டேங்குன்னு. போய்ப் பாத்தா மணி நல்லாருக்கும், லைன் நல்லாருக்கும், எக்ஸ்சேஞ்சுல எல்லாஞ் சரியா இருக்கும்."

"அப்புறம்?"

"கூப்பிட ஆள் இருந்திருக்காது. அதான் அடிச்சிருக்காது." சொம்பைக் கீழே வைத்தாள். "இந்த ஸ்விட்சுக்குச் சூடு போகல்லட்டி. இன்ஜின் அங்கன கொதிக்கு. இதுக்குத் தெரியவே இல்ல."

மூன்று எட்டில் கீழே இறங்கிவிட்டாள். ஸ்விட்சைத் திரும்ப மாட்டி, தண்ணீர் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டாள். அந்தக் காரில் தண்ணீர் ஊற்றுகிற மூடி ரேடியேட்டரின் தலையில் இல்லை; இன்ஜின் ஓரமாகத் தனியாக ஒரு சின்னத் தொட்டியில் இருந்தது. கொதித்தபோதெல்லாம் ஆவி வந்தது அங்கிருந்துதான். அதனால் முன்னால் இருக்கிற ரேடியேட்டரை யாருமே தொட்டுப் பார்த்ததில்லை. ஆவி பறக்கிற காரில் ரேடியேட்டர் மேல் கை வைக்க யாருக்குத் தோன்றும்?

முள் மெல்ல ஏறியது. பாதியைத் தாண்டியது. சிவப்பை நெருங்கியது. நான் தெருவின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டேன். வீட்டுக்காரம்மா வாசற்படியில் நின்று "ஹட் ஜா பேட்டி, ஹட் ஜா!" என்று கத்தினார், தள்ளிப் போ என்று. அவள் குனிந்து, ஒரு விரலால் முதலில் மெல்லத் தொட்டுவிட்டு, பிறகு உள்ளங்கையை முழுசாக ரேடியேட்டரின் மேல் வைத்தாள். கையை எடுக்கவில்லை.

"சாவியத் திருப்பு! நிறுத்து!"

ஓடி வந்து நிறுத்தினேன்.

"தொடு" என்றாள்.

தொட்டேன். நிழலில் நின்ற இரும்பு எவ்வளவு சுடுமோ அவ்வளவுதான் சுட்டது. அரை அடி பின்னால் இன்ஜினோ தோசைக்கல் மாதிரி இருந்தது. இரண்டையும் சேர்க்கிற மேல் ரப்பர் குழாயில், இன்ஜின் பக்கத்து நுனி மட்டும் சுட்டது. ரேடியேட்டர் பக்கம் வெதுவெதுப்பு. கொதிக்கிற தண்ணீர் இன்ஜினை விட்டு வெளியே வரவேயில்லை. வராத தண்ணீரை எந்த ஃபேன் ஆற்றும்? அதனால்தான் அது டைரக்டில் நாள் முழுக்கச் சுற்றியும் பிரயோஜனமில்லாமல் போனது.

வீட்டுக்காரம்மா இறங்கி வந்து, வளையல் குலுங்கக் கையை நீட்டி அவரும் தொட்டுப் பார்த்தார். "அரே, யே தோ தண்டா ஹை" என்றார் அதிசயமாக, அட, இது சுடவேயில்லையே என்று. உள்ளே போய் எங்கள் இரண்டு பேருக்கும் எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுவந்தார். அன்றிலிருந்து காரை விற்கச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமையிலும் சர்தார்ஜி ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். என் தோழி கையில் கரியோடு போய் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பாயி சாப், இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல கதவு மாதிரி ஏதாவது உண்டா?"

 அவர் தன் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

"தெர்மோஸ்டாட்!"

குளிர்நாடுகளில் இன்ஜின் சீக்கிரம் சூடாவதற்காக அப்படி ஒரு சின்ன வால்வு வைப்பார்களாம். தண்ணீர் போதிய அளவு சூடாகும் வரை மூடியிருக்கும், பிறகு தானாகத் திறந்துகொள்ளும். தன்னிடம் வருகிற ஒவ்வொரு பழைய வண்டியிலும் அதைத் தூக்கி எறிந்துவிடுவதுதான் தன்னுடைய முதல் வேலை என்றார். இதிலும் எப்போதோ யாரோ எடுத்திருப்பார்கள் என்று நினைத்து அதைப் பற்றி யோசிக்கவேயில்லை. அப்படிச் சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னால் அவரே ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினார்.

இரண்டு போல்ட்டைக் கழற்றினார். உள்ளே, ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், கறுத்துப்போய், மூடியபடி இருந்தது. என் தோழி அதை வாங்கி நேராக மாடிக்கு, அதே ரசப் பாத்திரத்துக்குக் கொண்டுபோனாள். சர்தார்ஜியும் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அந்த வட்டம் அசையவில்லை. ஓரத்தில் ஒரு நூல் அளவு மட்டும் இடைவெளி தெரிந்தது. குளிர்காலத்துக்கு அந்த நூலிழை போதுமாயிருந்திருக்கிறது.

"ஷாபாஷ்" என்றார் சர்தார்ஜி. அவர் அவளைப் பார்த்துச் சொன்ன விதம், ஒரே வேலையில் இருக்கிற இன்னொருவரிடம் சொல்கிற விதமாக இருந்தது. பிறகு, "இந்த மாதிரிச் சாமானைப் பாத்திரத்துல போட்டுப் பார்க்கணும்னு எனக்குத் தோணினதில்ல. இனிமே போட்டுப் பார்ப்பேன்" என்றார்.

தெர்மோஸ்டாட் இல்லாமலே மூடினார்கள். இன்ஜினை ஓடவிட்டுவிட்டு நாங்கள் நாலு பேரும் நடைபாதையில் நின்றோம். முள் பாதிக்கு வந்தது. கொஞ்சம் தாண்டியது. வீட்டுக்காரம்மா உதட்டுக்குள் ஏதோ ஜபித்தார். ஃபேன் அசையவில்லை.  "இரு, இரு" என்று அவள் யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. டிக் என்று ரிலே அடித்தது; யாரும் தொடாமல், யாரும் ஸ்விட்ச் போடாமல், ஃபேன் தானாகச் சுற்றியது. முள் இறங்கியது. ஃபேன் தானாக நின்றது. சர்தார்ஜி அதை மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்துக் கொடுத்த அக்கா மதராசி கேம்ப்பில் இருந்தவர். பாரபுல்லா நாலா என்கிற சாக்கடை ஓடையின் ஓரத்துக் குடிசைகளில் ஒன்று. ஊர் விழுப்புரம் பக்கம். அவருடைய பெண் புசா ரோடில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது படித்தாள். அந்த வருடம் கணக்கில் போய்விட்டது. ஜூலையில் மறுபடி எழுத வேண்டும். பரீட்சைக்கு முந்தின நாளிலிருந்து பஸ் ஸ்டிரைக். பரீட்சை அன்று காலையில் அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"பஸ்ஸே இல்லம்மா. ஆட்டோக்காரன் நிக்கமாட்றான். எம் பொண்ணும், அதுகூட ரெண்டு புள்ளைங்களும் ரோட்ல நின்னு அழுவுதுங்க."

என் தோழி சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பின்சீட்டில் மூன்று பெண்களும் அக்காவும், முன்னால் நான். ஸ்டிரைக் என்பதால் தில்லியில் இருந்த அத்தனை ஸ்கூட்டரும் காரும் குதிரை டோங்காவும் அன்று ரோடில் இருந்தன. மழை பெய்யாமல் புழுங்கியது. பஞ்ச்குயான் ரோடில் போனதும் எல்லாம் நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் நகர வழியில்லை. பின்சீட்டில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு சூத்திரங்களை முணுமுணுத்தாள். நான் முள்ளை மட்டும் பார்த்தேன். பக்கத்தில் ஒரு அம்பாசடர் ஆவி கக்கிக்கொண்டு நின்றது.

"ஏண்டி, ஏறறது" என்றேன்.

"ஏறட்டும்."

"நிறுத்திடலாமாடி?"

"நிறுத்தினா தண்ணி ஓடாது. சும்மா இரு." அவள் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி தலையைக் கொஞ்சம் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். கூச்சல், ஹாரன், பின்சீட்டில் சூத்திரம். இதற்கு நடுவில் அவளுக்குக் கேட்டுவிட்டது; எனக்கு அதற்கப்புறம்தான் ஃபேனின் சத்தம் கேட்டது. முள் பாதிக்கு வந்து நின்றது. அந்த நெரிசலில் ஃபேன் எத்தனை முறை சுற்றி நின்றதோ தெரியாது. பள்ளிக்கூட கேட்டை மூடப்போகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். மூன்று பேரும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மூன்று பேரும் பாஸ் செய்தார்கள். அக்கா ஒரு டப்பா நிறைய அதிரசம் கொண்டுவந்து, அதில் பெரியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து அவளுக்கு ஊட்டிவிட்டார்.

நான் அவளை வியந்து பார்த்த நாட்கள் எத்தனையோ. ஆனால் இன்று யோசிக்கும்போது, கார் சரியானதைவிட, எல்லாமே நன்றாக இருக்கிறது என்று தெரிந்த அந்த மத்தியானத்தில் அவள் சொம்போடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான் முதலில் ஞாபகம் வருகிறது. அந்த இடத்தில் நான் விட்டிருப்பேன். பெரும்பாலானவர்கள் விட்டிருப்பார்கள். கெட்டுப்போன ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான்; ஆனால் கெட்டுப்போனதாக ஒன்றுமே கிடைக்காதபோது பயப்படாமல் உட்கார்ந்து யோசிப்பது அதைவிடக் கஷ்டம். அவளுக்கு அது சுலபமாக வந்தது என்று சொல்லமாட்டேன்.  ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்தாள்.

அடுத்த வருடம் அவள் எக்ஸ்சேஞ்சில் ஸ்விட்ச் ரூமை விட்டு கேபிள் பிரிவுக்கு மாற்றல் கேட்டாள். ரோடுக்குக் கீழே புதைத்த கேபிள்களில் பழுது தேடுகிற வேலை. பெண்களுக்கு அது சரிப்படாது, நடுரோடில் பள்ளத்தில் இறங்க வேண்டும், வெயில், மழை, ஆம்பளைகள் என்றார் மேலதிகாரி. "பஸ்ஸில போயிருக்கேன் சார்" என்று சொன்னாளாம் இவள். அவருக்கு அர்த்தம் புரிந்ததோ இல்லையோ, கொஞ்ச மாதங்கள் இழுத்தடித்துவிட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் லோதி ரோடு பக்கம் அவளைப் பார்த்தேன். நான் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். ரோடோரத்தில் ஒரு குழி, அதன் மேல் தார்ப்பாய்க் கூடாரம், சுற்றிலும் ஆறேழு லைன்மேன்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் குழிக்குள் இடுப்பளவு இறங்கி, காதில் ஒரு ரிசீவரை வைத்து, கேபிளில் பழுது எங்கே என்று உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, "ஏண்டி, சாப்பிட்டியா?" என்று கத்தினேன்.

அவள் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள், கொஞ்சம் பொறு என்று. லைன்மேன்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தார்கள்.